ஊ சான் மியா வாசலுக்கு மேல கண்ணாடி ரூம்

இல்லடி, எட்டு மூலை இல்ல, எட்டு மூலை எப்பவோ போச்சு. முழுக் கண்ணாடிக் கூரையும் போச்சு. அப்பா கடைசில கண்ணாடி ரூமுக்கு எந்த மாடல்தான் போட்டீங்க, அதைக் கேட்டா அம்மா ஏன் அப்படிச் சிரிக்குதுன்னு போன்ல கேட்டியே, நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள லைன் செத்துப்போச்சு, அதுலருந்து நாலு நாளா நெட்டே இல்ல. போன்ல சொன்னாலும் நல்ல எடத்துலதான் கட்டாகும், அதான் பேப்பரை எடுத்துட்டேன். எதிர்வீட்டு சஜிதா வியாழக்கிழமை உங்க நகோயாவுக்குத்தான் வேலைக்கு வர்றா, அவ பெட்டில இதையும் அம்மா தச்ச சட்டையையும் வச்சு அனுப்புறேன். என் எழுத்தைப் பாத்துச் சிரிக்காத, எட்டாவதுல பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். கோயில் ஞாயித்துக்கிழமை வகுப்புல கத்துக்கிட்ட தமிழு, நீயும் அதே வகுப்புல குந்தினவதானே, படிச்சுக்குவே.

அன்பு மக பிலோமிக்கு, மொதல்ல எழுத வேண்டியதை ரெண்டாவதா எழுதுறேன். நாங்க ரெண்டு பேரும் நல்லா சாப்புடுறோம், நல்லா சண்டை போடுறோம், மாதா புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல. நீயும் அங்க இருமல் சளி இல்லாம, பாத்துக்குற வயசானவங்க கிட்ட நல்ல பேரோட, மூணு வேளையும் சூடா சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்குறேன். மூணு வேளை சாப்புடலன்னா அதை எழுது, மறைக்காத. இந்த வீட்டுல மறைக்குற வேலை எல்லாம் உங்கம்மாவுக்கு மட்டும்தான், அது என்னன்னு இப்பச் சொல்றேன்.

நீ என்னமோ அம்மா பூத்தொட்டி வைக்கத்தான் கண்ணாடி ரூம் கேக்குறான்னு நெனச்சு, வெள்ளைக்காரன் வீட்டுப் படமா அனுப்பிக்கிட்டு இருந்தே. பூத்தொட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எனக்கு ஆர்டர், இப்ப எல்லாம் நல்லபடியா முடிஞ்சதால சொல்றேன். நீ போன பிறகு பக்கத்து மனையில ஆறு மாடி எழும்பிருச்சு, நம்ம ஹால் ஜன்னலைத் தொறந்தா கைக்கு எட்டுற தூரத்துல செவுரு. பகல் பன்னெண்டு மணிக்கே ஹாலு கெணறு மாதிரி இருக்கு. இந்த பர்மாக் கரண்டு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வருது, எந்த நாலுன்னு அதுக்கே தெரியாது. அம்மா மெஷினு கால்ல மிதிக்கிறதுதான், மெஷினுக்குக் கரண்டு வேண்டாம், கண்ணுக்கு வேணும்ல. தெருவுல கரண்டு வந்துருச்சுன்னு சத்தம் கேட்டாப் போதும், சோத்துல பெசஞ்ச கையை அப்படியே ஒதறிட்டு மெஷினுக்கு ஓடுவா. நான் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். மாசி மாசம் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் வலது கையாத் தச்சு வச்சுட்டா. வந்த பொண்ணு போட்டுப் பாத்து, ஒரு கை மொன்னையாட்டம் நிக்குதேன்னு கேட்டுச்சு. உங்கம்மா அந்தப் பொண்ணு முன்னாடியே பிரிச்சுத் தச்சுக் குடுத்தா, அனுப்பிட்டு மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிட்டா. மறுநாளே தங்கமணி அக்காவைப் பாத்து, உங்க ஃபேக்டரில எடம் இருந்தா மழை விழுந்ததும் வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டா. தங்கமணி அக்கா ஷ்வேப்யிதா தையல் ஃபேக்டரில லைன் சூப்பர்வைசரா இருக்கு, அது சந்தோஷமா தலையை ஆட்டிருச்சு. நம்ம தாமுவேலருந்து ஷ்வேப்யிதா போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், பஸ்ஸுல நின்னுக்கிட்டே. எங்க ஓட்டினாலும் மெஷினு மெஷினுதானேன்னு எங்கிட்டச் சொல்றா. பொய். அங்க நாள் பூரா காலர்தான் தைக்கணும், காலருக்கு மேல காலரு, ஒரு முழுச் சட்டையை அவ கண்ணால பாக்க மாட்டா. பதினஞ்சு வருஷமா ரெபேக்கா தையல்னு போர்டு மாட்டி வச்சிருக்கறவ. நான் பதினோரு வேலை மாத்துனவன், எனக்கு ஒரு வேலையை விடுறதுன்னா செருப்பைக் கழட்டி மாட்டுற மாதிரி. அவ அப்படி இல்ல. போர்டைக் கழட்டித் தொடச்சுக் கட்டிலுக்கு அடியில வைக்கும்போது அவ மூஞ்சியை நான் பாத்தேன்.

அப்பதான் எனக்குத் தோணுச்சு. வீட்டுக்கு வடக்குப் பக்கம், கீழ்வீட்டு முன்வாசலுக்கு மேல, திறந்த மரத்தளம் கெடக்குல்ல, நாம மொளகா காயப்போட்டுக் காக்காயை வெரட்டுவோமே, அங்க கண்ணாடி போட்டு ஒரு ரூம் எழுப்பினா என்னன்னு. நான் நசீர் பாய் கண்ணாடிக் கடைல சேந்து ஒரு வருஷம் தாண்டிருச்சு, கேக்குறியா, ஒரு வருஷம், உங்கப்பன் ஒரே எடத்துல. பசுந்தாங் கடைல கண்ணாடி அறுத்து அறுத்து கை நல்லாத் தேறிருச்சு. கீழ்வீட்டுல இருக்குற வீட்டுக்காரரு ஊ சான் மியாகிட்ட போய் கேட்டேன். துறைமுகத்துல நாப்பது வருஷம் கிரேன் ஓட்டின மனுஷன், அவரு ஒரு விஷயத்தை மேலருந்துதான் பாப்பாரு. ஒரு தடவை தளத்தைச் சுத்தி வந்தாரு, தூணைத் தட்டிப் பாத்தாரு. எப்பவும் போல கோ போட்டு மரியாதையாக் கூப்புட்டு, கட்டிக்கோ கோ ஜெரால்ட், ஆனா என் வீடு செல்போன் கடை மாதிரி ஆயிரக்கூடாது, பழைய மர வீடு இது, அதுக்கு எது பொருந்துமோ அதைப் போடுன்னாரு. சரின்னு மண்டையை ஆட்டிட்டு வந்தேன். பாதிதான் காதுல வாங்கினேன்.

ஏன்னா நீ அனுப்பின எட்டு மூலைப் படம் என் மண்டைக்குள்ள பூந்துருச்சு. மாதா கோயில் கோபுரம் மாதிரி உச்சி, சுத்தி எட்டுப் பக்கமும் கண்ணாடி, நடுவுல உங்கம்மா ராணி மாதிரி. வேலை முடிஞ்சு வந்து சாக்பீஸ்ல தளத்து மேல எட்டு மூலையும் வரஞ்சேன், அசல் அளவு. மெஷினைத் தூக்கிட்டு வந்து உள்ள வச்சேன். வெட்டுற மேசையைக் கொண்டாந்து வச்சேன், மேசை நாலு மூலை, ரூம் எட்டு மூலை, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மூலை கோட்டைத் தாண்டி நிக்குது. உங்கம்மா வந்து மெஷினுல உக்காந்தா, துணியை எடுக்கத் திரும்பினா, கோட்டை மிதிச்சா. அய்யோ செவுத்தை இடிச்சுட்டேனேங்குறா. நூல் பெட்டியை எடுக்கப் போனா, இந்தா செவுத்தைத் தாண்டி ரோட்டுல விழுந்துட்டேன், என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்குறா. நசீர் பாயும் வந்து பாத்தாரு. வேப்ப மரத்துல பறங்கிக்காய் காச்ச மாதிரி இருக்கும் ஜெரால்டு, உனக்கு ரூம் வேணுமா இல்ல தெருவே நின்னு பாக்கணுமான்னு கேட்டாரு. ரெண்டும்தான்னேன். மழை வரைக்கும்தான் டைமுன்னு உன் பொண்டாட்டி சொன்னாளே மறந்துட்டியான்னாரு. சாக்பீஸ் கோட்டை ஈரத்துணி போட்டு அழிச்சேன்.

அடுத்து முழுக் கண்ணாடிக் கூரை. நீ அனுப்பின ரெண்டாவது படம், மேல பாத்தா வானம். இதை விட மாட்டேன்னு நின்னேன். அப்ப திஞ்சான் தண்ணித் திருவிழா நெருங்குற வெயிலு, உனக்கே தெரியும், தார் ரோட்டுல செருப்பு ஒட்டும். உங்கம்மா, பேச வேண்டாம், பாத்துருவோம்னா. கடைலருந்து ஒரு பெரிய கண்ணாடியைக் கொண்டு வரச் சொன்னா, தளத்துல ரெண்டு நாற்காலியை எதிரும் புதிருமா போட்டு மேல கண்ணாடியை வச்சு, சுத்தி அட்டைப் பெட்டியைக் கிழிச்சு மறைச்சு, உள்ள மாதாவுக்கு ஏத்துற மெழுகுவத்தி ஒண்ணை நட்டு வச்சுட்டு, வா கோயிலுக்குன்னு கூட்டிட்டுப் போயிட்டா. பூசை முடிஞ்சு வந்து பாக்குறோம், மெழுகுவத்தி எடுப்பா நின்னது போய் இடுப்பை வளச்சு முட்டிபோட்டுக் கெடக்குது. பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த மாதிரி. இதே எடத்துல நான் எட்டு மணி நேரம் உக்காரணும், என்னையும் இப்படி முட்டிபோட வைக்கிறியான்னு கேட்டா.  போன வருஷம் பூமி ஆடினதுல இருந்து தலைக்கு மேல கண்ணாடின்னாலே நம்ம ஆளுங்களுக்குப் பயம் வேற. அந்தப் படத்தையும் அழிச்சேன். உங்க ஊருக்கு அது சரி, குளிருல வெயிலைப் புடிச்சு வைக்கணும் அங்க. இங்க வெயிலை வாசல்லயே நிறுத்திட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ள விடணும். அதுக்கு வடக்குப் பக்கம்தான் லாயக்கு, வெயிலு நேரா அடிக்காது, காலைலயும் சாயந்தரமும் ஒரே மாதிரி வெளிச்சம், நூலோட நிறம் மாறித் தெரியாது. இது எனக்குத் தெரியாது, உங்கம்மா சொன்னா. அவளுக்கு இதெல்லாம் தெரியும்னு எனக்கு இருபத்தோரு வருஷமா தெரியாது.

அப்ப மிச்சம் இருந்தது சாய்ப்புதான். வீட்டுக் கூரை எந்த வாட்டத்துல எறங்குதோ அதே வாட்டத்தை நீட்டி அதே தகரம், அதுக்குக் கீழ மூணு பக்கம் கண்ணாடி. வெளிலருந்து பாத்தா வீடு பொறக்கும்போதே அது கூடப் பொறந்த மாதிரி இருக்கும். மழைத்தண்ணியும் எங்கயும் தேங்காது. நசீர் பாய் இன்னொரு உபகாரமும் பண்ணினாரு. டவுன்ல இடிச்ச ஒரு பழைய ஆபீஸோட தேக்கு ஜன்னல் சட்டங்க கண்ணாடியோட அவரு கொடவுன்ல கெடந்துச்சு, எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு எடுத்துக்கிட்டுப் போடான்னாரு. அலுமினியம் போட்டா ஊ சான் மியா செல்போன் கடைன்னு கத்துவாரே, தேக்குன்னா வாயைத் தொறக்க மாட்டாரு. எல்லாம் கச்சிதமா வந்துச்சு. அப்பதான் பாய் கடைசியா ஒண்ணு சொன்னாரு, அதைக் கேட்டிருந்தா இந்தக் கடுதாசி ஒரு பக்கத்துல முடிஞ்சிருக்கும். இடுப்பு வரைக்கும் பலகை அடி, இடுப்புக்கு மேல கண்ணாடி போடு, மர வீட்டுக்கு அதான் அழகு, காலு பட்டாலும் ஒடையாதுன்னாரு. நான் கேக்கல. இடுப்பு வரைக்கும் பலகை அடிச்சா அது தபால் ஆபீஸ் கவுண்ட்டரு, எனக்குத் தரைலருந்து தகரம் வரைக்கும் கண்ணாடி வேணும்னு ஜன்னல் சட்டங்களை ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு வரிசை வச்சு அடிச்சேன். எட்டு மூலையைப் புடுங்கிட்டீங்க, கூரையைப் புடுங்கிட்டீங்க, இதையாவது விடுங்கடான்னு ஒரு வீம்பு.

முடிச்ச அன்னைக்குக் காலைல உங்கம்மா மெஷினைப் போட்டு உக்காந்தா பாரு. ஊசியை எடுத்தா, நூலை எச்சில் தொட்டு நீட்டினா, மொதல் தடவையே உள்ள போயிருச்சு. ஊசியை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா, தைக்கல. என்னடி ஆச்சுன்னேன். சும்மா இருய்யா, பாத்துக்கிட்டு இருக்கேன்னா. கட்டிலுக்கு அடியிலருந்து போர்டை நான் எடுத்துட்டு வந்தேன், அவ ஆணி எங்கன்னு கேட்டா. தங்கமணி அக்காகிட்ட வரலன்னு சொல்லியாச்சு. தங்கமணி அக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா, வராட்டிப் போடி, எனக்கும் ஒரு ஜாக்கெட் தச்சுக் குடு, நாள் பூரா துணிக்குள்ள கெடந்தும் நல்ல ஜாக்கெட் ஒண்ணு இல்லன்னுச்சு.

இதோட முடிஞ்சிருக்கணும். மழை வந்துச்சு. ஆனி மாச மழை, விடாம பத்து நாளு, வீட்டுல ஒரு துணி காயல, எல்லாத்துலயும் பூஞ்சை நாத்தம். உங்கம்மா பெரிய ஆர்டர் ஒண்ணு பிடிச்சிருந்தா, ஒரு பர்மாக் கல்யாணத்துக்குப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் ஜாக்கெட்டும் இடுப்புல சுத்திக் கட்டுற தமெய்னும், தலையைத் தூக்க நேரமில்ல. துணி தொவைக்கிறது நானுன்னேன். தொவச்சுட்டுப் பாக்குறேன், கண்ணாடி ரூம்ல மழைலயும் ஒரு கதகதப்பு இருக்கு. ஒரு கயிறைக் குறுக்க இழுத்துக் கட்டி எல்லாத்தையும் அங்க போட்டேன், ரெண்டு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சுருச்சு. எனக்கு ஒரே பெருமை. உங்கம்மா கட்டுற தமெய்ன், அந்த மஞ்சள்ல செவப்புப் பூ போட்டது, அதை நல்லா விரிச்சு நடுவுல போட்டேன், கொடி ஏத்துன மாதிரி. நூறு வருஷமா இந்த ஊருலயே கெடக்குற சாதி நாம, உனக்கு நான் சொல்லணுமா. பொம்பளை கட்டுற தமெய்னுக்கு அடியில பர்மாக்கார ஆம்பளை நடக்க மாட்டான், நடந்தா ஆம்பளைக்கு உள்ள மகிமை போயிரும்னு அவங்க நம்பிக்கை. நம்ம வீட்டுலயும் அந்தத் துணிக்கு எப்பவும் பின்பக்கக் கொடிதான், ஏழு வயசுல நீ முன்வாசல்ல போட்டு அம்மாகிட்ட வாங்கினது ஞாபகம் இருக்குல்ல. எனக்கும் தெரியும்டி. ஆனா என் மண்டைல என்ன ஓடுச்சுன்னா, இது ரூமு, ரூமுக்குள்ளதானே போடுறோம், வெளிலயா போட்டோம். கண்ணாடி போட்ட ரூமுக்கு உள்ளன்னு ஒண்ணு கெடையாதுங்கறது, கண்ணாடி அறுத்துச் சோறு திங்கிறவனுக்குத் தோணல. தரை வரைக்கும் கண்ணாடி, நேர் கீழ ஊ சான் மியாவோட முன்வாசலு.

அவரு தெனமும் காலைல டீக்கடை போயிட்டு, நீட்டமா மாவுல பொரிச்ச ஈச்சாக்குவே ரெண்டு ஜோடி பொட்டலத்துல வாங்கிட்டு வருவாரு. அன்னைக்கு வந்தவரு வாசல் கேட்டுக்கிட்ட நின்னாராம், மேல பாத்தாராம், கொடையை மடக்கிட்டுப் பின்பக்கம் சாக்கடை ஓரமா சுத்திப் போயி சமையக்கட்டு வழியா வீட்டுக்குள்ள பூந்திருக்காரு. ஒரு வார்த்தை சொல்லல. ஆனாதென்னு பர்மாக்காரங்க சொல்றாங்களே, அடுத்தவன் மனசு கோணுமேன்னு வாயை மூடிக்கிற அந்தக் குணம், அது அந்த மனுஷனுக்கு ஒடம்பு பூரா. மூணு நாளு. மூணு நாளும் நான் வேற வேற துணியைத் தொவச்சேன், மஞ்சள் தமெய்ன் மட்டும் நடு எடத்துலயே இருந்துச்சு, பாக்க அழகா இருக்கேன்னு. மூணாம் நாளு பின்பக்கம் தொப்புன்னு சத்தம். உங்கம்மா மெஷினை விட்டு ஓடினா. பாசில வழுக்கி சாக்கடை ஓரமா உக்காந்திருக்காரு, ஈச்சாக்குவே தண்ணில மெதக்குது. உங்கம்மா கையைக் குடுத்துத் தூக்கினா, அடி ஒண்ணும் இல்ல, லுங்கி பூரா சேறு. மாமா முறை வச்சு, ஏன் ஊலே இந்தப் பக்கம் வந்தீங்கன்னு கேட்டிருக்கா. முட்டிக்கு நல்லது மா ரெபேக்கா, பின்பக்கம் சுத்தி நடந்தா முட்டிக்கு நல்லதாம்னாராம். சாக்கடைல நடக்கச் சொன்ன டாக்டரு யாருன்னு அவளுக்குச் சந்தேகம் வந்துருச்சு. முன்வாசலுக்குப் போயி அவரு நிக்கிற எடத்துல நின்னு மேல பாத்திருக்கா.

மேல வந்தா. என் கையைப் பிடிச்சுத் தரதரன்னு மழையோட கீழ இழுத்துட்டுப் போனா, கேட்டுல நிறுத்தினா, என் தாடையைப் புடிச்சு மேல தூக்கினா. பாத்தேன். அப்படிப் பளிச்சுன்னு ஒரு துணியை நான் என் வாழ்க்கைல பாத்ததில்ல. நசீர் பாய் கடைக் கண்ணாடி, நானே சோப்புப் போட்டுத் தொடச்சது வேற, ஒரு பூ விடாம தெரியுது. சிரிப்பு வந்துச்சு, சிரிக்கல, ஏன்னா உங்கம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு. வீடு அவரோடது. கழட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னா கழட்டணும், திரும்ப அந்தக் கெணத்துக்குள்ளதான் உக்காரணும். அவ போன்ல தங்கமணி அக்கா நம்பரைத் தேடுறதை நான் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்தேன்.

தேங்காயும் வாழப்பழச் சீப்பும் வாங்கித் தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கீழ போனோம். இவங்க வழக்கப்படி மூணு தடவை குனிஞ்சு கும்புட்டு மன்னிப்புக் கேட்டோம். உங்கம்மா, தப்பு என்னோடதுன்னு ஆரம்பிச்சா. நான் குறுக்க பூந்து, இல்ல ஊலே, அவ தச்சுக்கிட்டு இருந்தா, தொவச்சதும் நான், போட்டதும் நான்னேன். ஊ சான் மியா என் பக்கம் திரும்பினாரு. நீயே தொவச்சியா, நீயே உன் தலைக்கு மேல தூக்கிப் போட்டியான்னாரு. ஆமான்னேன். மூணு நாளான்னாரு. மூணு நாளுன்னேன். அப்ப உன் மகிமை என்னடா ஆச்சுன்னாரு. அதை எட்டாவதுல பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்துட்டேன் ஊலே, இன்னும் யாரும் திருப்பிக் குடுக்கலன்னேன். அவரு சிரிக்கல. பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிப்பை முழுங்குற மாதிரி இருந்துச்சு, ஆனா சிரிக்கல. காலைல சொல்றேன், போங்கன்னாரு. காலைல என்ன சொல்லுவாருன்னு தெரியாம உங்கம்மா கல்யாண ஆர்டர் துணியெல்லாம் மடிச்சு ஹாலுக்கு எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சுட்டா. நான் கயிறை அறுத்து எறிஞ்சேன். வேற என்ன பண்ண.

விடிஞ்சதும் கீழ டமடமன்னு சத்தம். எட்டிப் பாத்தா மனுஷன் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வீட்டுக்கு அடிலருந்து பழைய தேக்குப் பலகைகளை ஒண்ணொண்ணா இழுத்து வெளில போடுறாரு. இந்த வீடு கட்டும்போது மிச்சமானதாம், அவரு அப்பா காலத்துப் பலகை, அதே மரம், அதே கறுப்பு. இடுப்பு வரைக்கும் இதை அடி கோ ஜெரால்ட், என் வீட்டுக்கு எது பொருந்தும்னு மொதல்லயே என்னைக் கேட்டிருந்தா நான் சாக்கடைல விழுந்திருக்க மாட்டேன்னாரு. நசீர் பாய் சொன்ன அதே இடுப்பு. எனக்குத்தான் ரெண்டு பேரு சொல்லணும், நடுவுல ஒருத்தரு வழுக்கி விழணும். உங்கம்மா அப்பவும் விடல, நான் தைக்கிறதும் தமெய்ன்தானே ஊலே, அதுக்கு என்ன பண்றதுன்னு கேட்டா. அது துணிம்மா, ஒருத்தி கட்டின பிறகுதான் அது தமெய்னு, நீ தை, கட்டுறது மட்டும் பின்பக்கக் கொடிக்குப் போகட்டும்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு சாயந்தரமே கீழ் வரிசைக் கண்ணாடியைக் கழட்டிப் பலகையை அடிச்சேன். அடிச்சு முடிச்சுக் கேட்டுல நின்னு பாத்தா, பிலோமி, மனசாரச் சொல்றேன், அதான் அழகு. வீடு இடுப்புல துண்டு கட்டிக்கிட்டு நிமிந்து நிக்கிற மாதிரி இருக்கு. கழட்டின கீழ் வரிசை ஜன்னலு நாலு சும்மா இருந்துச்சுல்ல, அதை ஊ சான் மியா சமையக்கட்டுப் பின்செவுத்துல வச்சுக் குடுத்துட்டேன், அங்கயும் இருட்டுதான். மூணு நாளா அந்த வழியா போனதுலதான் என் சமையக்கட்டு இவ்வளவு இருட்டுன்னு எனக்கே தெரிஞ்சுச்சுன்னாரு. இப்பத்தான் சிரிச்சாரு. அம்மா எதுக்குச் சிரிச்சான்னு கேட்டேல்ல, அந்த மஞ்சள் தமெய்னை நெனச்சுத்தான். இன்னும் தெனம் ஒரு தடவை என் தாடையைப் புடிச்சு மேல தூக்குறா.

நீ நாளைக்கு அங்கயோ இங்கயோ ஒரு வீடு எடுத்தா, படத்தைப் பாத்து எதையும் சேத்துக் கட்டிராத. மொதல்ல கீழ எறங்கிக் கேட்டுல நின்னு பாரு, பக்கத்துல யாரு எந்த வழியா நடக்குறாங்கன்னு பாரு, உள்ள உக்காரப் போறவங்களைக் கேளு, அப்புறம் கண்ணாடியை அறு. எட்டாவதுல ஓடினவன் சொல்றது இவ்வளவுதான். அங்க ஹீட்டரைப் போட்டு ஜன்னலைப் பூட்டிட்டுத் தூங்காத. வாரத்துல ஒரு நாளாவது வேலைன்னு சொல்லாம வெளில போய்ச் சுத்து, நீ என் மகதானே, ஒரே எடத்துல உக்காந்தா ஒடம்புக்கு ஆகாது. யாராவது நல்ல பையன் கண்ணுல பட்டா எங்கிட்டச் சொல்லு, அம்மாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். மாதா உன்னைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும், நீ தொட்டதெல்லாம் வெளிச்சமா இருக்கட்டும். சட்டையைத் தொவைக்கிறதுக்கு முன்னாடி போட்டுப் பாரு, தோளு புடிக்குதா தொளதொளங்குதான்னு எழுது, அம்மா உன் அளவை மனசுலருந்துதான் வெட்டினா. ரெண்டு கையும் வேற வேற கைதான், நான் செக் பண்ணிட்டேன்.

இதை நான் கண்ணாடி ரூம்லதான் உக்காந்து எழுதுறேன், வெட்டுற மேசைல ஒரு ஓரம் குடுத்திருக்கா. இப்பத்தான் ஊ சான் மியா டீக்கடைலருந்து வந்தாரு, முன்வாசல் வழியாத்தான். கீழ நின்னு மேல பாத்து, மா ரெபேக்கா, மழை இருட்டிக்கிட்டு வருதே, ஊசி கண்ணு தெரியுதான்னு கேட்டாரு. உங்கம்மா நூல் கோத்த ஊசியைக் கண்ணாடிக்கிட்ட தூக்கிக் காமிச்சா. அவருக்கு அங்கருந்து ஊசியா தெரியப்போகுது, ஆனாலும் தெரியுது தெரியுதுன்னு தலையை ஆட்டிட்டு உள்ள போனாரு. நான் இன்னும் எழுதலாம்னு இருந்தேன், சஜிதா பத்தி, நசீர் பாய் என்னை என்ன பண்ணச் சொல்றாருங்கறதைப் பத்தி, அய்யோ கரண்டு வந்துருச்சு, தெரு பூரா கத்துது, இந்த நாலு நாளா கரண்டே வராமத் தொட்டில தண்ணி இல்ல. உங்கம்மா தலையைக் கூடத் தூக்கல பாரு, அவ பாட்டுக்குத் தச்சுக்கிட்டு இருக்கா. நான்தான் ஓடணும், மோட்டாரைப் போடணும், போறேன்.

உங்கப்பன்
ஜெரால்டு